வாத்துகளைக் கொல்ல வேண்டாம். கூட்டு வாசலில் ஒரு சோடி செருப்பு வையுங்கள்

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் கூடு கட்டி 30 நாட்டுக்கோழி வளர்த்தேன். போன மாதம் மூன்று கிழமைக்குள் நான்கு செத்துவிட்டது. பச்சையாகக் கழிந்தது, ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டே கிடந்தது. மற்றவை தின்கின்றன, முட்டையும் இடுகின்றன. பறவைக் காய்ச்சல்தான் என்று பக்கத்துக் காம்பராவில் சொல்கிறார்கள். என்னிடம் ஐந்து வாத்தும் இருக்கிறது. பகலில் நீர்த்தேக்கக் கரைக்குப் போய் மேய்ந்துவிட்டு வரும். அதுதான் நோயைக் கொண்டுவருகிறது, கொன்றுவிடு என்கிறார்கள். மகன் இஸ்தோப்பில் லவ் பேர்ட்ஸும் கூரையில் புறாவும் வைத்திருக்கிறான். வீட்டுக்காரர் மரக்கறித் தோட்டம் செய்கிறார், கோழி எரு மூட்டையாக வாங்குவார். கடையில் ஒரு மஞ்சள் பவுடர் கொடுத்துத் தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். கொழுந்தன் குளியாப்பிட்டியில் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு வரும்போது முட்டை ஓய்ந்த கோழி பத்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா? இதற்கு ஊசி இருக்கிறதா? முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? மகள் பெரிய பிள்ளையாகி இரண்டு கிழமைதான் ஆகிறது. கூட்டின் படமும் அனுப்பியிருக்கிறேன், டொக்டர்.

பதில்:

சகோதரி,

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாத்துகளைக் கொல்ல வேண்டாம். மஞ்சள் பவுடரைக் கலக்க வேண்டாம். இந்தத் தீபாவளிக்குக் கோழி வேண்டாம் என்று கொழுந்தனுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளைக் காலையில் கூட்டு வாசலில் ஒரு சோடி ரப்பர் செருப்பைக் கழுவி வைத்து, அதைப் போட்டுக்கொண்டு மட்டும் உள்ளே போய் வாருங்கள். மற்றதை ஆறுதலாகப் பார்ப்போம்.

செத்துப்போன நான்கு கோழிகளைப் பற்றி: கடிதத்தை மட்டும் வைத்து இன்ன நோய் என்று எந்த மிருக வைத்தியரும் அறுதியாகச் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரம் எனக்குக் கொஞ்சம் நிம்மதி தருகிறது. கடுமையான வகைப் பறவைக் காய்ச்சல் ஒரு கூட்டுக்குள் நுழைந்தால் மூன்று கிழமையில் நான்கு என்று நிற்காது. ராத்திரி தீன் தின்றுவிட்டு ஏறிப் படுத்த கோழி காலையில் விறைத்துக் கிடக்கும். மறுநாள் ஐந்தாறு போகும், அதற்கடுத்த நாள் பாதிக் கூடு போகும். பெரும்பாலும் சில நாட்களுக்குள் கூடே காலியாகிவிடும். அதற்கு முன்னால் முட்டை சட்டென்று நின்றுபோகும், அல்லது ஓடு இல்லாமல் தோல்முட்டையாக விழும். கொண்டையும் தாடியும் கருநீலமாகும், முகம் வீங்கும், காலில் செதிலுக்கு அடியில் இரத்தம் கசிந்து சிவப்புத் திட்டுகள் தெரியும். உங்களுடைய 26 கோழியும் தின்று குடித்து முட்டை இட்டுக்கொண்டிருக்கின்றன.

பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும், கோழிக்கு வரும் இன்னொரு வைரஸ் நோயான ராணிக்கெட்டில் நாங்கள் அடிக்கடி பார்ப்பவை. ஊசி போட்ட கோழியும் போடாத கோழியும் கலந்து நிற்கும் கூட்டில் அந்த நோய் இப்படி ஒன்றிரண்டாக எடுப்பதுண்டு. அதனால் என் சந்தேகம் அந்தப் பக்கம்தான் போகிறது. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டு நோயும் முழு வேகத்தில் வந்தால் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் ஏலாது. தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் தெரியும். ஆகவே இனி ஒரு கோழி செத்தாலும் அதைப் புதைக்குமுன் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அதைப் பற்றிப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

இப்போது உலகம் முழுக்கப் பேசப்படும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸின் மூதாதையை 1996இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஒரு வாத்தினப் பறவையிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஹொங்கொங்கில் 18 பேருக்குத் தொற்றி ஆறு பேர் இறந்தார்கள். 2006இல் இந்தியாவுக்கு வந்தது. கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்து வாத்துக் கூட்டங்களில் 2014இலும் அதற்குப் பிறகு பல தடவையும், 2024இலும் வந்திருக்கிறது. ஆலப்புழை நமக்கு எவ்வளவு கிட்ட என்று வரைபடத்தில் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். ஆகவே உங்கள் பயத்தை வீண்பயம் என்று நான் தள்ளிவிடவில்லை. பயம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பக்கத்துக் காம்பராக்காரர்கள் வானத்தையும் வாத்தையும் பார்க்கிறார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் இலங்கைக்கு வருகின்றன. இந்த வைரஸைப் பெரும்பாலும் சுமப்பவை காட்டு வாத்துகளும் மற்ற நீர்ப்பறவைகளும்தான். ஆனால் அவை ஆயிரக்கணக்கில் கூடுவது மன்னார், யாழ்ப்பாணக் களப்பு, பூந்தல என்று தாழ்ந்த கரையோரங்களில். நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வரும் ஆறுமணிக்குருவி போன்ற விருந்தாளிகள் மரத்தடியில் பூச்சி பொறுக்குபவை. அவற்றைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் நீர்த்தேக்கத்தில் நீர்க்காகமும் கொக்கும் இருக்கும், எப்போதாவது வாத்தும் வந்து இறங்கும். ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் ஆபத்து அது இல்லை.

மலைநாட்டில் ஒரு லயத்துக் கோழிக்கூட்டுக்கு நோய் வருவதானால் அநேகமாக லொறியில்தான் வரும். நாட்டின் பெரிய கோழிப் பண்ணைகள் அதிகம் இருப்பது குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கங்களில். அங்கிருந்துதான் முட்டைத் தட்டும் குஞ்சும் முட்டை ஓய்ந்த கோழியும் எரு மூட்டையும் மலையேறி வருகின்றன. எங்காவது ஒரு பண்ணையில் நோய் இருந்தால், எச்சம் ஒட்டிய எந்தப் பொருளும் அதைத் தூக்கிக்கொண்டு வரும். செருப்பு, சாக்கு, கூடை, முட்டைத் தட்டு, மோட்டார் சைக்கிள் சில்லு, உங்கள் கை எல்லாமே அதில் சேர்த்தி. இது பயமுறுத்த எழுதியதல்ல. வானத்தை மறிக்க உங்களால் முடியாது, கூட்டு வாசலை மறிக்கலாம். அதற்குப் பெரிய காசும் தேவையில்லை.

இன்னொன்று நம் மலைக்கே உரியது. எச்சத்தில் கிடக்கும் இந்த வைரஸ் 37 பாகை வெப்பத்தில் ஆறு நாள் அளவில் தாக்குப்பிடிக்கும். 4 பாகைக் குளிரில் 35 நாளுக்கு மேலும் இருக்கும். வெயில், உலர்வு, சவர்க்காரம் மூன்றும் அதற்கு ஆகாது. குளிர், ஈரம், நிழல் மூன்றும் அதற்குச் சௌகரியம். மன்னாரில் மணலில் காயும் எச்சத்தையும், லயத்துக் கூரையின் நிழலில் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும் எச்சத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது. தை மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் துகள்பனி கொட்டும்போது சொல்லவே வேண்டியதில்லை. கரையோர மாவட்டங்களுக்கு எழுதிய அறிவுரைத் தாளில் ‘சில நாள் காய விடுங்கள்’ என்று இருந்தால், நாம் அதைக் கிழமைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கூட்டுக்குக் காலை வெயில் விழும்படி மேலே கொப்பு வெட்டிவிடுவது, பழைய உமியை அள்ளிப் புது உமி போடுவது, தரை காய்ந்திருக்கப் பார்ப்பது எல்லாம் இங்கே நோய்த்தடுப்பு வேலைதான்.

இனி நீங்கள் அனுப்பிய படம். நல்ல கூடு. தகரம் புதிது, உயரமாகக் கட்டியிருக்கிறீர்கள், கீரி நுழைய இடமில்லை. ஆனால் மூன்று விஷயம் கண்ணில் பட்டது.

முதலாவது, காற்று அடிக்கும் பக்கத்தில் குளிருக்குத் தொங்கவிட்டிருக்கும் சாக்குகள். பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்கின் அடிப்பக்கம் மண்ணிறமாக ஊறி, தையலில் உமியும் எருவும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அது உங்கள் வீட்டுக்காரர் எரு வாங்கிய சாக்கு, இல்லையா? முன்பின் தெரியாத பண்ணையொன்றின் எச்சத்தை உங்கள் கோழிகள் கொத்தும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். குளிருக்கு மறைப்பு தேவைதான். அரிசிச் சாக்கோ பழைய ரெயின்கோட்டோ போதும். எருச் சாக்கு தோட்டத்திலிருந்து வீட்டுப் பக்கமே வரக் கூடாது.

இரண்டாவது, கொய்யா மரத்தடியில் திறந்து வைத்திருக்கும் தீன் தட்டு. படத்திலேயே தட்டின் விளிம்பில் இரண்டு மைனா உட்கார்ந்திருக்கிறது. மைனாவும் காகமும் நாலு வீட்டுக் குப்பையில் கால் வைத்துவிட்டு உங்கள் தட்டில் கால் வைக்கும். செத்த பறவையைக் கொத்தித் தின்னும் காகத்துக்கு இந்த நோய் வருவதும் உண்டு. தீனும் தண்ணீரும் கூட்டுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். சிந்தினால் கூட்டிவிடுங்கள். குருவி நுழையாத கண்ணிகொண்ட வலையைப் பக்கங்களில் அடியுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் தீன் வைக்கும் மூலையிலிருந்து தொடங்குங்கள். தண்ணீரைப் பீலியிலிருந்தே எடுங்கள். நீர்த்தேக்கத் தண்ணீரையும் கானில் ஓடும் தண்ணீரையும் கோழிக்கு வைக்க வேண்டாம்.

மூன்றாவது, வாசலில் கிடக்கும் செருப்பு. சேறு அப்பிய அந்தச் செருப்பில்தான் மலைக்கும் கடைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் போய் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரிய பண்ணைகளில் வாசலில் மருந்துத் தண்ணீர் நிறைத்த தொட்டி இருக்கும், அதில் காலை நனைத்துவிட்டுப் போவார்கள். வீட்டுக் கூட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை. சேற்றுச் செருப்பை மருந்தில் முக்கினால் மருந்துதான் கெடும், வைரஸ் சேற்றுக்குள் பத்திரமாக இருக்கும். அதைவிட நல்லது கூட்டுக்கென்றே ஒரு சோடி செருப்பு. அது கூட்டுப் படியை விட்டு வெளியே வராது, வெளிச் செருப்பு உள்ளே போகாது. கிழமைக்கு ஒரு தடவை சவர்க்காரத் தூள் போட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் உண்டு, சவர்க்காரம் பட்டால் அது உடைந்துவிடும். குளோரின் தூள் கிடைத்தால் கழுவி முடித்த பிறகு பாவியுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிப் பயனில்லை. கூட்டுக்குப் போக முன்னும் பின்னும் கையைக் கழுவுங்கள். வேலை செய்வது வீட்டில் ஒருவராகவே இருக்கட்டும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம்.

எருவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கோழி எரு இல்லாமல் இங்கே லீக்ஸும் கரட்டும் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூட்டையை லயத்துக்குப் பக்கத்தில் இறக்காமல் நேரே தோட்டத்திலேயே இறக்கச் சொல்லுங்கள். வந்தவுடன் பச்சையாகப் போடாமல் குவித்து, கொஞ்சம் ஈரமாக்கி, மேலே தறப்பாள் போட்டு மூடி வைத்தால் உள்ளே சூடேறும். கையை வைக்க முடியாத அளவுக்குக் குவியல் கொதித்தால் உள்ளே வைரஸ் நிலைக்காது. ஓரத்தில் கிடப்பது சூடேறாமல் தப்பும் என்பதால் ஒன்றிரண்டு தடவை வெளியில் இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். பயிருக்கும் அதுதான் நல்லது, பச்சை எரு வேரைச் சுடும் என்பது உங்கள் வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கும். எரு தொட்ட உடுப்போடும் பூட்ஸோடும் அவர் கோழிக்கூட்டுப் பக்கம் வரக் கூடாது. கோழிகளை மரக்கறிப் பாத்தியில் கிளற விடவும் கூடாது.

சரி, வாத்து. பறவைக் காய்ச்சலில் வாத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. கோழியைக் கொல்லும் வைரஸ் சில வேளை வாத்துக்குள் பெரிய அறிகுறி எதுவும் காட்டாமல் இருந்து, எச்சத்தில் வெளியேறும். எல்லா வாத்தும் அப்படித் தப்பிவிடும் என்றில்லை, கேரளத்தில் வாத்துகளே கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆனாலும் ‘வாத்து நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற தைரியம் கோழிக்கு உதவாது. ஆகவே உங்கள் ஐந்து வாத்தும் இனிக் கரைக்குப் போகக் கூடாது. இது உங்களுக்குக் கஷ்டமான பேச்சு என்று விளங்குகிறது. கரையில் மேய்வதால்தான் அவற்றுக்குத் தீன் செலவு இல்லை. என்றாலும் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரையாவது வேலி போட்டு அடைத்து, முங்கிக் குளிக்க ஒரு பேசின் வையுங்கள். வாத்துக்குத் தலை முங்கும் அளவு தண்ணீர் இருந்தால் போதும். தீனுக்குத் தவிடும் கீரைத் தண்டும் மரக்கறிக் கழிவும் கொடுக்கலாம். பேசின் தண்ணீரைக் கோழிகள் நடமாடும் பக்கம் ஊற்ற வேண்டாம். கோழிக்கும் வாத்துக்கும் ஒரே கூடு வேண்டவே வேண்டாம். காலையில் கோழி வேலையை முடித்துவிட்டு அப்புறம் வாத்துப் பக்கம் போங்கள், திரும்ப கோழிக்கு வராதீர்கள். இவ்வளவும் செய்ய முடியாது என்று பட்டால் வாத்தை ஆரோக்கியமாக இருக்கும்போதே சமைத்துவிடுவது உங்கள் முடிவு. நோய் வந்துவிட்டது என்ற வதந்திக்காகக் கொல்லவும் வேண்டாம், கரையில் துரத்திவிடவும் வேண்டாம்.

கொழுந்தன் கொண்டுவரும் கோழிகளை நான் இவ்வளவு அழுத்தமாக மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முட்டை ஓய்ந்த கோழி மலிவாகக் கிடைக்கும், ஒரு கறிக்கு நன்றாக ஆகும், பாசத்தோடு கொண்டுவருகிறார், எல்லாம் சரி. ஆனால் ஆயிரக்கணக்கான கோழிகளோடு நின்ற பத்துக் கோழி பஸ்ஸிலும் லொறியிலும் நசுங்கி வந்து, உங்கள் 26 கோழியோடு சேர்ந்து நிற்கும். பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழிக்குள்ளும் நோய் சில நாள் மறைந்திருக்கலாம். அவர் கறிக்காகத்தான் கொண்டுவருகிறார் என்றால் அங்கேயே அறுத்துச் சுத்தம் செய்த இறைச்சியாகக் கொண்டுவரட்டும். வளர்க்க வேண்டுமென்றே வாங்கும் கோழி எதுவானாலும், சந்தையில் வாங்கினாலும் குஞ்சு லொறியில் வாங்கினாலும், ஒரு மாதம் வேறு இடத்தில், வேறு தட்டில், வேறு செருப்போடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பண்ணையில் போட்ட உடுப்பை அங்கேயே தோய்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். லயத்தில் இருக்கும் நாட்களில் உங்கள் கூட்டுக்குள் போக வேண்டாம். அது உங்களுக்காக மட்டுமல்ல. உங்கள் கூட்டில் ராணிக்கெட் இருக்கிறதென்றால் அவர் செருப்பில் அது பண்ணைக்குப் போய்ச் சேரும். வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்று பல பண்ணைகள் வேலையாட்களுக்கு நிபந்தனை போடுவது இதற்காகத்தான்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று, ஆனால் பல லயங்களில் இருப்பது: சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். முனியாண்டிக்கென்று விட்ட சேவலை யாரும் அடைக்க மாட்டார்கள், அது எல்லார் கூட்டுக்கும் போய்வரும். நேர்த்தி பெரிய விஷயம், அதில் கைவைக்கச் சொல்லவில்லை. திருவிழா வரை அதையும் ஒரு கூட்டில் தனியே அடைத்துத் தீன் போட்டு வளர்க்கலாம். பூசாரியோடு கதைத்துப் பாருங்கள்.

மகனின் பறவைகளுக்கு வருகிறேன். லவ் பேர்ட்ஸ் கூடு இஸ்தோப்பில் கூரைக்குக் கீழே இருப்பதால் பெரிய பயமில்லை. மேலேயும் காற்றுப் பக்கமும் மறைத்து, காட்டுக் குருவி வந்து கம்பியில் உட்காராமல் பார்த்தால் போதும். கோழிக்கூட்டுக்குப் போன கையோடு அதற்குத் தினை போடக் கூடாது. புறாதான் சங்கடம். புறாவுக்கு இந்த நோய் எளிதில் பிடிப்பதில்லை, ஆனால் தோட்டம் முழுக்கச் சுற்றி இறங்கும் கால்கள் அதற்கு உண்டு. கோழித் தட்டில் புறா தின்னக் கூடாது, கூரையிலேயே மாடத்துக்குள் தீன் போட்டுப் பழக்குங்கள். இந்தப் பருவத்தில் புறா மாற்றுவது, வாங்குவது, பந்தயத்துக்குக் கொண்டுபோவது எதுவும் வேண்டாம். லவ் பேர்ட்ஸ் வைத்திருக்கும் வீட்டுக்கு நான் வழமையாகச் சொல்வது ஒன்றுண்டு. காய்ந்த எச்சத்தைத் தூசு பறக்கக் கூட்டாமல், தண்ணீர் தெளித்துத் துடைத்து எடுக்க வேண்டும். கிளியினப் பறவைகளிடமிருந்து நுரையீரலைத் தாக்கும் இன்னொரு நோயும் மனிதருக்கு வருவதுண்டு.

ஊசி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். பறவைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி என்று ஒன்று உலகில் இருக்கிறது. பிரான்ஸ் 2023 ஒக்டோபரில் தன் வாத்துப் பண்ணைகளுக்குப் போடத் தொடங்கியது. நம் வீட்டுக் கோழிகளுக்கு நாம் போட வேண்டியது ராணிக்கெட் ஊசி. அதைச் சரியாகப் போட்டு வந்தால் இரண்டு நன்மை. அந்த நோயில் கோழி சாவது வெகுவாகக் குறையும். அதோடு, ஊசி போட்ட கூட்டில் கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் இது வேறு ஏதோ என்று உடனே உஷாராகலாம். கடைக்காரர் கொடுத்த மஞ்சள் பவுடர் அநேகமாக டெட்ராசைக்ளின் வகை அன்டிபயோட்டிக்காக இருக்கும். அது பக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. மருந்தின் மிச்சம் முட்டையில் இறங்கி உங்கள் பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் போகும். உள்ளியும் மஞ்சளும் கொடுப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பிச் செருப்பை மறந்துவிடக் கூடாது.

சாப்பாடு. நன்றாக வெந்த இறைச்சியிலும் முட்டையிலும் இந்த வைரஸ் இருக்காது. உள்ளேயும் 70 பாகை சூடு ஏறினால் போதும், நம் கறி அதைவிட அதிகமாகவே கொதிக்கிறது. அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், மஞ்சள் கரு இறுகும்வரை அவியுங்கள். மகளுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுங்கள், முட்டையை மட்டும் அவித்துக் கொடுங்கள். அவித்த முட்டையின் சத்து பச்சை முட்டையைவிட நன்றாகவே உடம்பில் சேரும். பறவைக் காய்ச்சல் இல்லாத காலத்திலும் பச்சை முட்டையில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கக்கூடும்.

ஆனால் இந்தக் கடிதத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் விஷயம் சமைப்பதல்ல, அறுப்பது. கோழி தூங்கி விழுந்துகொண்டிருக்கிறது, பொழுது விடிந்தால் செத்துவிடும், அதற்குள் அறுத்துவிட்டால் நட்டமில்லை என்று எத்தனை வீட்டில் செய்கிறார்கள்! ஒரு கோழியின் விலை என்ன, அது எத்தனை நாள் சம்பளம் என்பது தெரியாமல் நான் எழுதவில்லை. 2003இலிருந்து உலகில் 900க்கும் மேற்பட்ட மனிதருக்கு எச்5என்1 தொற்றியிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு நோய் வந்தது நோயுற்ற, செத்த கோழியோடு நெருங்கிப் புழங்கியதால். கழுத்தறுக்கும்போது தெறிக்கும் இரத்தம், வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போது எழும் ஆவி, குடல் உருவும் கை, பக்கத்தில் குந்தியிருந்து இறகு பொறுக்கும் பிள்ளை, ஆபத்து அங்கேதான். சட்டிக்குப் போவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. நோய்க்கோழியை அறுக்காதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள், நாய்க்கும் பூனைக்கும் போடாதீர்கள். 2004இல் தாய்லாந்தில் ஒரு புலிக் காட்சியகத்தில் பச்சைக் கோழி தின்ற புலிகள் பல இந்த நோயில் செத்தன. லயத்துப் பூனையும் அதே குடும்பம்தான்.

இனி ஒரு கோழி செத்தால் என்ன செய்வது? வெறும் கையால் தொடாமல், சொப்பிங் பேக்கைக் கையில் மாட்டி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தூக்குங்கள். இன்னொரு பேக்கில் போட்டு இறுகக் கட்டி நிழலில், நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லும்போது எத்தனை இருந்தது, எத்தனை செத்தது, எத்தனை நாளுக்குள், வாத்து எப்படி இருக்கிறது, ஊசி எப்போது போட்டது என்ற ஐந்தையும் எழுதி வைத்துச் சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் கிராம உத்தியோகத்தரையோ தோட்ட நலன்புரி உத்தியோகத்தரையோ பேசச் சொல்லலாம். அவர்கள் எடுக்கும் மாதிரி கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகும். பதில் வரும்வரை ஒரு கோழியும் முட்டையும் கூட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்கள் என்று பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். ஒரு சாவுக்காக யாரும் வந்து கூட்டைக் காலி செய்வதில்லை. பறவைக் காய்ச்சல் என்று பரிசோதனையில் உறுதியானால் அழிக்கத்தான் வேண்டிவரும், அதை நான் உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்த நோய் வந்த கூட்டில் மிச்சம் காப்பாற்ற அதிகம் இருக்காது. மறைத்தால் பக்கத்துத் தொங்கல் வீடுவரை கூடுகள் காலியாகும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டமும் இப்படியான தொற்றுநோயை அறிவிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

புதைக்கச் சொன்னால் இடம் பார்த்துப் புதையுங்கள். நம் பீலிகளுக்குத் தண்ணீர் மேட்டு ஊற்றிலிருந்து வருகிறது. ஊற்றுக்கு மேலேயும் கானுக்குப் பக்கத்திலும் குழி வெட்ட வேண்டாம். மூன்று நாலடி ஆழம் தோண்டி, சுண்ணாம்பு தூவி, நாய் கிளறாதபடி மேலே கல் வையுங்கள். ஓயாவில் வீசிவிடுவது கீழேயிருக்கும் எல்லாருக்கும் அனுப்பிவைப்பதற்குச் சமம். செத்த கோழியைத் தொட்டவர் யாருக்காவது அடுத்த பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரியில் ‘கோழியைத் தொட்டேன்’ என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள்.

ராணிக்கெட் ஊசிக்கு வரும் கிழமையே அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது உங்கள் கோழிகளை மட்டும் சொல்லாமல் லயம் முழுவதின் கணக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு குப்பி மருந்தைக் கரைத்தால் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் காணும், சில மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. எல்லாரும் ஒரே நாளில் போட்டால் மருந்தும் வீணாகாது, ஊசி போடாத கூடும் நடுவில் இருக்காது. அன்றைக்குக் காலையில் யாரும் கோழியைத் திறந்துவிடாமல் கூட்டிலேயே வைத்திருங்கள். கோழிகளைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூட வேண்டாம். ஊசி போடுபவர்தான் கூடு கூடாக வர வேண்டும். ஒவ்வொரு கூட்டு வாசலிலும் அவருக்கு ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும், அந்தந்தக் கூட்டுச் செருப்பும் எடுத்து வையுங்கள். நோய்க்கோழி இருக்கும் கூட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் அங்கே கடைசியாகப் போவார்.